ஒரு மாதம் வீட்டுக்கு டாங் டெஸ்டர் மாட்டிப் பார்த்தேன்

என் தொழில் மோட்டார் ரீவைண்டிங், அதாவது பழுதான மோட்டாருக்குப் புதிதாகக் காப்பர் ஒயர் சுற்றிக் கட்டுவது. தருமபுரி டவுனில் சின்னக் கடை, உதவிக்கு ஒரு பையன். காலையில் ஷட்டரைத் தூக்கினால் பாலக்கோட்டுப் பக்கமிருந்தோ பென்னாகரத்துப் பக்கமிருந்தோ யாராவது ஒரு விவசாயி மோட்டாரை வண்டியில் கட்டிக்கொண்டு வந்து நிற்பார். தண்ணீர் சரியாக ஏறவில்லை, கரண்ட் மட்டும் இழுக்கிறது என்பார். பம்பும் மோட்டாரும் ஒன்றாகச் சேர்ந்த மோனோபிளாக் மோட்டாராக இருந்தால் உடனே பிரிக்க மாட்டேன். லோடு கொடுக்காமல் சும்மா சுற்றவிட்டு, ஒயரில் டாங் டெஸ்டரை மாட்டி எத்தனை ஆம்ப் எடுக்கிறது என்று பார்ப்பேன். வேலையே செய்யாமல் சுற்றும்போதே கூடுதலாக இழுத்தால் கோளாறு மோட்டாருக்கு உள்ளேதான். இதை நோ லோடு கரண்ட் என்போம்.

22 வருஷமாக இதைச் செய்கிறேன். வீட்டுக்கு ஒருநாளும் அந்த டெஸ்டரை மாட்டியதில்லை.

2025 ஜனவரி கடைசியில் நகைக்கடனுக்கு வட்டி கட்ட வேண்டிய தேதி வந்தது. கையில் பணம் இல்லை. காப்பர் ஒயர் வாங்க ஒதுக்கியிருந்த பணத்தை எடுத்துக் கட்டினேன். அடுத்த வாரம் ஒயர் இல்லாமல் இரண்டு மோட்டார் கடையிலேயே கிடந்தன. வருமானம் குறையவில்லை, பெரிதாக எதுவும் வாங்கவும் இல்லை. பிறகு பணம் எங்கே போனது?

பிப்ரவரி முழுக்கச் செலவைக் குறைத்துப் பார்க்கலாம் என்று வீட்டில் சொன்னேன். பத்தாம் வகுப்பு படிக்கிற மகள் உடனே, "28 நாள் மாசமா பாத்து எடுத்துக்கிட்டீங்களாப்பா?" என்றாள். நான் அதை யோசித்திருக்கவே இல்லை. ஆனால் அவள் கேட்டது கடைசியில் கணக்குப் பார்க்கும்போது தேவைப்பட்டது.

முதலில் ஜனவரியை எழுதினேன். வீட்டில் ஐந்து பேர்: அம்மா, நாங்கள் இருவர், மகள், ஏழாவது படிக்கிற மகன். சொந்த வீடு, இலக்கியம்பட்டியில். வாடகை இல்லை. பள்ளிக் கட்டணம், கரண்ட் பில், கடன், பொங்கலுக்கு எடுத்த துணிமணி எல்லாவற்றையும் கணக்கிலிருந்து தள்ளிவிட்டேன். மனைவியின் சிட்டை நோட்டு, என் வங்கிக் கணக்கின் யுபிஐ பட்டியல், மளிகை பில் ஆகியவற்றை வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி உட்கார்ந்தோம். மளிகை 8,140. காய்கறி, கீரை, பழம் 3,350. பால், தயிர் 2,280. கறி, மீன், முட்டை 3,460. காஸ், பெட்ரோல், ரீசார்ஜ் மூன்றும் சேர்த்து 4,120. டீ, தின்பண்டம், ஓட்டல் 4,890. இதெல்லாம் போக, எதற்கென்றே யாருக்கும் ஞாபகம் இல்லாத 2,310. மொத்தம் 28,550 ரூபாய்.

மனைவிக்கு இந்தக் கணக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. "பதினெட்டு வருஷமா நான்தான் வாங்கிட்டிருக்கேன். இப்ப வந்து ஆடிட் பண்றீங்களா?" என்றாள். துவரம்பருப்பு எந்தக் கடையில் என்ன விலை, எந்தக் கடைக்காரர் பூண்டில் ஈரத்தோடு எடை போடுவார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. விலையில் அவளை மிஞ்சி நான் ஒரு ரூபாய்கூடக் குறைத்திருக்க முடியாது. இது எனக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரத்தில் நான் செய்த வேலையைக் கீழே சொல்கிறேன்.

அதற்கு முன் அந்த நோ லோடு விஷயம். ஜனவரியில் 'இன்றைக்கு எதுவும் வாங்கவில்லை' என்று நாங்கள் இருவருமே சத்தியம் பண்ணக்கூடிய நாட்கள் ஆறு. அந்த ஆறு நாட்களின் செலவைத் தனியாகக் கூட்டிப் பார்த்தேன். நாளுக்குச் சராசரி 290 ரூபாய். எதுவும் வாங்காத நாளில் 290! பால் அறுபது, சரி. மிச்சமெல்லாம் என் டீ, வடை, கடைக்கு வந்தவருக்கு ஒரு டீ, பள்ளி விட்டு வரும்போது பையனுக்குப் பப்ஸ், 'சும்மா போகிற வழியில்' ஒரு கூல்ட்ரிங்ஸ். யுபிஐ பட்டியலில் நூறு ரூபாய்க்குக் கீழே போனவை மட்டும் இரண்டு பக்கம் இருந்தன. முக்கால்வாசி என் ஃபோனிலிருந்து போனவை. சிட்டை நோட்டை மூடி வைத்துவிட்டு மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

காலண்டரில் பிப்ரவரி 1-ஆம் தேதிக் கட்டத்தில் 20,000 என்று எழுதி வட்டம் போட்டேன்.

அன்றைக்குச் சனிக்கிழமை. கடையில் காப்பர் ஒயர் நிறுக்கிற தொங்கு தராசையும் சின்ன எலக்ட்ரானிக் தராசையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சமையலறை அலமாரியில் இருந்ததையெல்லாம் இறக்கி ஒவ்வொன்றாக நிறுத்தோம். இரண்டு மணி நேரம் பிடித்தது. பாசிப்பயறு, கொள்ளு, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு எல்லாம் சேர்ந்து மூன்றே கால் கிலோ. சேமியா பாக்கெட் நான்கு. ஒரே பிராண்டு சாம்பார்பொடி, பிரித்தது இரண்டு, பிரிக்காதது ஒன்று. டாக்டர் சொன்னார் என்று வாங்கி அம்மா ஒரே ஒருநாள் குடித்த ஓட்ஸ். 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்று வந்த நூடுல்ஸ். அந்த இலவசத்தை இலவசம் என்று நம்பி வாங்கியவன் நான்தான் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன். இவற்றையெல்லாம் தீர்க்காமல் அந்த இனத்தில் புதிதாக வாங்குவதில்லை என்று முடிவு. பட்டியல் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினோம்.

இனி என் தக்காளிக் கதை.

பிப்ரவரி 3, திங்கள். பாலக்கோட்டுப் பக்கத்து விவசாயி ஒருவர் மோட்டார் எடுக்க வந்தார். வண்டியில் ஒரு பெட்டி தக்காளி. மார்க்கெட்டில் விலையே இல்லை, வேண்டுமா என்றார். 14 கிலோ, 120 ரூபாய். கிலோ ஒன்பது ரூபாய்கூட இல்லை. உழவர் சந்தையில் அன்றைக்குப் பதினைந்து. செலவைக் குறைக்கக் கிளம்பியவனுக்கு முதல் வாரமே வெற்றி என்று பெட்டியோடு வீட்டுக்குப் போனேன்.

"யார் சாப்பிடறது?" என்றாள் மனைவி.

எங்கள் வீட்டில் வாரத்துக்கு ஒன்றரை கிலோ தக்காளி ஆகும். அது எனக்கு அன்றுவரை தெரியாது. நான்கு கிலோ குழம்புக்கும் ரசத்துக்கும் போயிற்று. ஏழு கிலோவை நானே தொக்கு போட்டேன். நல்லெண்ணெய் 210 ரூபாய்க்கு, மிளகாய்த்தூள், பூண்டு, பெருங்காயம் எல்லாம் அறுபது ரூபாய்க்கு. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் அடுப்பு எரிந்தது. சுண்டச் சுண்ட இரண்டு கிலோ தேறியது. மூன்று பாட்டிலில் அடைத்தேன். இரண்டைத் திறந்து ஆறவிட்டேன். மூன்றாவது பிளாஸ்டிக் டப்பா, அதைச் சூட்டோடு இறுக்கி மூடிவிட்டேன். மூடியில் ஆவி முத்து முத்தாகக் கட்டி, அந்தத் தண்ணீர் தொக்கின் மேலேயே சொட்டியிருக்கிறது. ஒன்பதாவது நாள் திறந்தபோது மேலே வெள்ளைப் பூசணம். இதற்கிடையில் பெட்டியின் அடியில் நசுங்கிக் கிடந்த மூன்று கிலோ அழுகிவிட்டது. ஆக, ஒன்பது ரூபாய்த் தக்காளி காஸோடு சேர்த்து 425 ரூபாய் தின்றது. வழக்கம்போல் வாரம் ஒன்றரை கிலோ வாங்கியிருந்தால் மாதத்துக்கே 90 ரூபாய்தான்.

அன்றைக்குத்தான் கணக்கு நோட்டின் தலைப்பை மாற்றினேன். 'விலை' என்று இருந்த பத்திக்கு முன்னால் 'எவ்வளவு வேணும்' என்று ஒரு பத்தி போட்டாள் மகள். விலை மனைவியின் கையில், அது நன்றாகவே இருக்கிறது. அளவை இதுவரை யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை. அவள் வாங்கியதில் வீணானது கொஞ்சம், நான் 'மலிவு' என்று கொண்டுவந்து போட்டதில் வீணானது அதைவிட அதிகம்.

ரேஷனில் எங்களுடையது அரிசி கார்டு. சர்க்கரை, பாமாயில், துவரம்பருப்பு மூன்றும் ஞாபகம் வந்தால் வாங்குவோம், வராவிட்டால் இல்லை. அந்த மாதம் ஒன்றையும் விடவில்லை. பருப்பு கிலோ 30 ரூபாய், வெளியில் நூற்றைம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. பாமாயில் லிட்டர் 25, சர்க்கரை கிலோ 25. பாமாயிலை வடகம், அப்பளம் பொரிக்க மட்டும் வைத்துக்கொண்டோம். புழுங்கல் அரிசியை இட்லி அரிசியோடு பாதிக்குப் பாதி கலந்து மாவு ஆட்டினோம். இட்லி கொஞ்சம் கெட்டியாக வந்தது, தோசைக்கு ஒரு குறையும் இல்லை.

தருமபுரி மாவட்டத்தில் இன்னொரு வசதி உண்டு. 2023 மே மாதத்திலிருந்து இங்கேயும் நீலகிரியிலும் அரிசியில் இரண்டு கிலோவைக் குறைத்துக்கொண்டு அதற்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு தருகிறார்கள், இலவசமாகவே. நாங்கள் இதுவரை "அரிசியே போடுங்க" என்று வாங்கி வந்துவிடுவோம். களியும் கூழும் தின்று வளர்ந்த ஊரில் இப்படி ஒரு கூத்து.

இந்த முறை கேழ்வரகு வாங்கினேன். வாங்கியதோடு நிற்காமல், முளைகட்டினால் சத்து என்று எங்கோ பார்த்ததை வைத்து, இரண்டு கிலோவையும் கல் அரித்து, ஒரு ராத்திரி ஊறவைத்து, துணியில் கட்டி முளைக்கவிட்டு, மொட்டை மாடியில் காயவைத்து மில்லில் அரைத்து வந்தேன். அம்மா களி கிண்ட உட்கார்ந்தார். கிண்டக் கிண்ட மாவு இளகிக்கொண்டே போனது. உருண்டையே பிடிக்கவில்லை, பசை மாதிரி கையில் ஒட்டியது.

"முளைகட்டுன மாவுல யாராவது களி கிண்டுவாங்களாடா? அது புள்ளைங்களுக்குக் கஞ்சி காய்ச்சற மாவு" என்று சிரித்தார். முளை விட்ட தானியத்தில் மாவுச்சத்து உடைந்துவிடும், அதனால் கெட்டிப்படாது. குழந்தைக் கஞ்சி நீர்த்து, சுலபமாகச் செரிப்பதற்கு அதுதான் காரணம். அந்த மாவு கூழுக்கும் தோசைக்கும் போயிற்று. தோசை என்றதும் மகன் ஒன்றும் கேட்காமல் நான்கு தின்றான்.

களிக்காக மூன்று கிலோ கேழ்வரகு தனியாக, கிலோ நாற்பது என்று வாங்கி, முளைகட்டாமல் அரைத்தோம். அம்மாவின் கணக்கு: ஒரு டம்ளர் மாவுக்கு கால் டம்ளர் நொய், மூன்று டம்ளருக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர். நொய் குழைய வெந்ததும் மாவை நடுவில் குவித்துக் கொட்ட வேண்டும், கிளறக் கூடாது. துடுப்பின் காம்பால் மாவின் நடுவில் ஒரு குழி போட்டால் தண்ணீர் அந்த வழியாக மேலே கொதித்து வரும். தீயைக் குறைத்து ஐந்தாறு நிமிஷம் மூடிவைத்து, இறக்கி, பானையைக் காலால் அணைத்துக்கொண்டு துடுப்பால் ஒரே பக்கமாகக் கிண்ட வேண்டும். கட்டி இல்லாமல் வந்தால் பளபளவென்று இருக்கும். ஈரக் கையால் உருட்டிப் போட்டு, பச்சை மொச்சைக் குழம்பு ஊற்றினால் போதும். பிப்ரவரியில் மொச்சை இன்னும் சந்தையில் இருந்தது. வாரத்துக்கு இரண்டு மத்தியானம் களி என்று வைத்துக்கொண்டோம். அலமாரியில் கிடந்த கொள்ளும் தட்டைப்பயறும் இந்தக் களிக்குத் தொட்டுக்கொள்ளவே தீர்ந்தன. மகன் மட்டும் கடைசிவரை களியை மோப்பம் பிடித்துவிட்டுத் தோசை கேட்டான். கேட்டதைக் கொடுத்தோம். இதில் அவனோடு மல்லுக்கட்டினால் மிஞ்சுவது பத்து ரூபாய், போவது வீட்டின் நிம்மதி.

நல்லம்பள்ளியில் செவ்வாய்க்கிழமை சந்தை. பிப்ரவரி 4 காலையில் நான் பைக்கில் கிளம்பினேன். போக வர இருபது கிலோமீட்டர், பெட்ரோல் 46 ரூபாய். வாங்கிய காயில் உழவர் சந்தையைவிட எனக்கு மிச்சமானது சுமார் 50 ரூபாய். ஒரு மணி நேரக் கடை வியாபாரம் போனதைச் சேர்த்தால் நஷ்டம். "பெட்ரோல் ஊத்திக்கிட்டு கொத்தமல்லி வாங்கப் போயிருக்கீங்க" என்று மனைவி சொன்னது நியாயம்தான். அடுத்த செவ்வாயிலிருந்து அவளும் அம்மாவும் டவுன் பஸ்ஸில் போனார்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து கட்டணம் கிடையாது. அதே சந்தை, அதே காய், நான் போனால் நஷ்டம், அவர்கள் போனால் லாபம். அவர்கள் மதியம் பையோடு வரும்போது எனக்குத் தெரியாத பத்து ஊர்க்கதையும் வந்தது. அம்மாவுக்கு அந்த நாலு மணி நேரம் கோயிலுக்குப் போய்வந்த மாதிரி இருந்திருக்க வேண்டும், திங்கட்கிழமை ராத்திரியே பையை மடித்து வைத்துவிடுவார்.

மனைவிக்கு மாதாமாதம் வருகிற உரிமைத்தொகை ஆயிரத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது அவள் பணம்.

காஸ் சிலிண்டரை நிறுத்தது இந்த மாதத்தில் எனக்குப் பிடித்த வேலை. வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ காஸ். காலிச் சிலிண்டரின் எடை அதன் மேல் வளையத்திலேயே எழுதியிருக்கும், ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் மாறும். 1-ஆம் தேதி புது சிலிண்டர் மாட்டும்போதே தொங்கு தராசில் நிறுத்து எழுதிக்கொண்டேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அடுப்பை அணைத்து, ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, நிமிர்த்தியபடியே தூக்கி நிறுத்தேன். முதல் வாரம் 3.7 கிலோ போயிருந்தது. தக்காளித் தொக்கு! இரண்டாவது வாரம் 3.0, மூன்றாவது வாரம் 2.9, நான்காவது வாரம் 2.6.

இறங்கியதற்குக் காரணம் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. பர்னரைக் கழற்றி அடைப்பை ஊசியால் எடுத்தேன், மஞ்சளாக எரிந்த தீ நீலமானது. பயறு வகைகளை முந்தின ராத்திரியே ஊறவைத்தோம். குக்கர் விசில் அடித்ததும் தீயைக் குறைத்தோம். குளிக்கத் தண்ணீர் காஸில் காய்ச்சுவதை நிறுத்தி, கொல்லையில் கிடந்த பழைய பலகைத் துண்டுகளை அம்மா விறகாக்கினார். 28 நாளில் 12.2 கிலோ. மாதக் கடைசியில் சிலிண்டரில் இரண்டு கிலோ இருந்தது. வழக்கமாக ஒரு சிலிண்டர் 29, 30 நாளில் தீர்ந்துவிடும்.

கரண்டில் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது என் தொழில், அதிகம் பேசினால் நிறுத்த மாட்டேன். ஃபிரிட்ஜ் கதவில் பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன். கீழ் மூலையில் வழுக்கிக்கொண்டு வந்தது. ரப்பர் கேஸ்கெட் தளர்ந்திருக்கிறது. வெந்நீரில் நனைத்த துணியால் ஒத்தி, நீவி இழுத்துவிட்டதில் நோட்டைப் பிடித்துக்கொண்டது. மாடித் தொட்டியின் ஃப்ளோட் வால்வில் ஒழுகலைச் சரி செய்தேன். மீட்டரில் நாளுக்கு 8.6 யூனிட் ஓடியது 7.1 ஆனது. இரண்டு மாதத்துக்கு 516 யூனிட் 426 ஆகும். 500-ஐத் தாண்டினால் இரண்டாவது நூறு யூனிட்டுக்கான குறைந்த கட்டணம் போய்விடும், அதனால் இந்த 90 யூனிட் அதன் அளவைவிடப் பெரிய தொகை. கரண்ட் பில்லை முதலிலேயே தள்ளிவிட்டதால் பிப்ரவரிக் கணக்கில் இது சேரவில்லை. ஊரார் மோட்டாரையெல்லாம் பார்க்கிறவன் வீட்டு ஃபிரிட்ஜைப் பார்க்க இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

டீக்கு வருகிறேன். கடைக்கு ஃபிளாஸ்கில் டீ கொண்டுபோனேன். முதல் நாள் பையன் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டான். ஃபிளாஸ்க் டீயில் பாலாடை வாசனை வருகிறதாம். நான்காவது நாள் எதிர் டீக்கடைக்காரர் ரோட்டைத் தாண்டி வந்து, "என்னண்ணா, நம்ம டீ புடிக்கலையா, இல்ல கோவமா?" என்று கேட்டார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. மோட்டார் கட்ட இடம் தேடி வருகிறவர்களுக்கு என் கடையைக் கை காட்டுகிறவர் அவர். நான் வெளியே போனால் சாவியும் அவரிடம்தான். அங்கே குடிக்கிற டீ வெறும் டீ மட்டும் இல்லை. சாயங்காலம் ஒரு டீ, பையனுக்கும் சேர்த்து, அங்கேயே என்று மாற்றிக்கொண்டேன். காலை டீ ஃபிளாஸ்கில், வடை கிடையாது. ஃபோனிலிருந்து யுபிஐ செயலியை எடுத்துவிடவில்லை, வாடிக்கையாளர் பணம் அதில்தான் வருகிறது. அதற்குப் பதில் அனுப்புவதற்கு மட்டும் என்று வேறு ஒரு கணக்கை இணைத்து, வாரத்துக்கு 400 ரூபாய் அதில் போட்டேன். தீர்ந்தால் தீர்ந்ததுதான். மகனுக்குப் பப்ஸுக்குப் பதில் சாயங்காலம் வேர்க்கடலை உருண்டை, அவித்த மரவள்ளிக்கிழங்கு. கிழங்கு இங்கே மலிவு. உருண்டை நன்றாகப் போயிற்று, கிழங்கு அவ்வளவாக இல்லை. நோ லோடு 290-லிருந்து 130-க்கு வந்தது. அதில் அறுபது பால். நீலப் பாக்கெட் அரை லிட்டர் இருபது ரூபாய், நாளுக்கு மூன்று. பாலில் கை வைக்கவில்லை, கடைத் தயிரை மட்டும் நிறுத்தி வீட்டில் உறை ஊற்றினோம்.

11-ஆம் தேதி தைப்பூசம். குமாரசாமிப்பேட்டை முருகன் கோயிலில் பெண்கள் வடம் பிடிக்கிற தேர் உண்டு. மனைவி வருஷா வருஷம் போவாள். தேர்க்கடை, வளையல், பொரி, மகனுக்கு ராட்டினம், வந்த சொந்தக்காரருக்குச் சாப்பாடு என்று 1,150 ஆனது. தனிக் கட்டத்தில் எழுதினோம், குறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கறியில் இரண்டு வாரம் ஆட்டுக்கறிக்குப் பதில் கோழியும் முட்டையும், ஒரு வாரம் கருவாடு. இதில் என்னைத் தவிர யாரும் குறை சொல்லவில்லை.

இருபதாம் தேதி வாக்கில் அம்மா ஒரு குண்டு போட்டார். புளி வாங்க வேண்டும்.

"இப்பவா? இந்த மாசமா?" என்றேன். புதுப்புளி இறங்குகிற நேரம் இதுதான். மாசி, பங்குனி விட்டால் பிறகு வருஷம் முழுக்கக் கடை விலைதான். ஆனால் என் 20,000 வட்டம் காலண்டரில் இருக்கிறதே. இரண்டு நாள் தர்க்கம் ஓடியது. கடைசியில் மனைவியும் அம்மா பக்கம் சேர்ந்துவிட்டாள். ஓடு நீக்கிய கொட்டைப்புளி 12 கிலோ, கிலோ 55 என்று 660 ரூபாய்க்கு வாங்கினோம்.

தருமபுரிப் பக்கம் புளி சீசனில் தெருத்தெருவாகக் கொட்டை எடுக்கிற வேலை நடக்கும். எங்கள் வீட்டில் அம்மா, மனைவி, பக்கத்து வீட்டு அக்கா மூன்று பேர் மூன்று மத்தியானம் உட்கார்ந்தார்கள். ஒரு நாள் நானும் உட்கார்ந்தேன். புளியை நீளவாட்டில் பிளந்து, நாரை உருவி, கொட்டையை நெம்பி எடுக்க வேண்டும். அவர்கள் ஒரு கிலோ முடிக்கிற நேரத்தில் நான் கால் கிலோ முடித்தேன், கட்டைவிரல் நகக்கண்ணெல்லாம் எரிந்தது. 12 கிலோவில் சதை 6.4 கிலோ தேறியது, கொட்டை ஐந்து கிலோ சொச்சம், மிச்சம் நாரும் தூசியும். சதை கிலோ 103 ரூபாய்க்கு வந்தது, அன்றைக்குக் கடையில் 170. கல் உப்புத் தூவி, இரண்டு நாள் வெயிலில் வைத்து, அடுக்கு அடுக்காக அமுக்கி மண்பானையில் வைத்தோம். மாதம் அரைக் கிலோ வீதம் ஒரு வருஷத்துக்குக் காணும். கொட்டையைக்கூட வியாபாரிகள் எடைக்கு வாங்கிக்கொள்வார்கள், துணிக்குக் கஞ்சி போடுகிற மாவுக்காக. அது இன்னும் சாக்கில் கிடக்கிறது.

28-ஆம் தேதி ராத்திரி மகள்தான் கூட்டினாள். மளிகை, புளியோடு சேர்த்து 6,180. காய்கறி 1,940. பால் 1,680. கறி, மீன், முட்டை 2,610. காஸ், பெட்ரோல், ரீசார்ஜ் 3,690. டீ, தின்பண்டம், ஓட்டல் 1,930. தைப்பூசம் 1,150. ஞாபகமில்லாதது 340. மொத்தம் 19,520.

"ஜெயிச்சாச்சு" என்றேன்.

"இருங்கப்பா" என்று வகுத்துப் பார்த்தாள். ஜனவரி நாளுக்கு 921 ரூபாய். பிப்ரவரி 697. இதே கணக்கில் 31 நாள் மாதமாக இருந்தால் இருபதாயிரத்தை எப்போதோ தாண்டியிருப்பேன். ஆக, ஒன்பதாயிரம் மிச்சம் என்று சொல்லிக்கொள்ள முடியாது, நாள் கணக்கில் 6,270தான். அதிலும் அலமாரியில் இருந்ததைத் தின்று தீர்த்தது சுமார் 900 ரூபாய்ச் சரக்கு, அது சேமிப்பு ஆகாது, பழைய செலவை இப்போது தின்றது. மறுபக்கம் புளிக்குக் கொடுத்ததில் 600 ரூபாய் மற்ற பதினொரு மாதங்களைச் சேர்ந்தது. கழித்துக் கூட்டினால் ஆறாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. வட்டிப் பணத்தைவிட அதிகம். எங்கே அதிகம் குறைந்தது என்று பார்த்தால், மனைவியின் பொறுப்பில் இருந்த மளிகையைவிட என் சட்டைப்பையிலிருந்து போய்க்கொண்டிருந்த டீ, தின்பண்டம், ஞாபகமில்லாதது இரண்டும்தான். இதை நானே வாய்விட்டுச் சொன்னேன். மனைவி அப்போதும் ஒன்றும் சொல்லாமல் நோட்டை வாங்கி அலமாரியில் வைத்தாள். மார்ச்சுக்கும் அதே நோட்டுதான், எழுதுவது மட்டும் இனி மகள்.

மார்ச் முதல் வாரம் அந்தப் பாலக்கோட்டு விவசாயி மறுபடியும் வந்தார். வண்டியில் மறுபடியும் ஒரு பெட்டி தக்காளி. நான் முந்திக்கொண்டு, "ரெண்டு கிலோ போதுங்க" என்றேன்.

"பறிக்கிற கூலிக்கே கட்டலண்ணா. பெட்டியோட வெச்சுக்குங்க, காசு வேண்டாம்" என்று இறக்கி வைத்துவிட்டு, மோட்டாரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பணம் கொடுக்கப் போனால் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டார். கடைப் பையனுக்கு மூன்று கிலோ, டீக்கடைக்கு நான்கு, பக்கத்து வீட்டு அக்காவுக்கு மூன்று, கடைக்கு வந்துபோனவர்களுக்குக் கைக்குக் கொஞ்சம் என்று கொடுத்து, நான் வீட்டுக்குக் கொண்டுபோனது இரண்டு கிலோ. ராத்திரி மகள் நோட்டைத் திறந்து, என்ன விலை போடுவது என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டு இருந்தாள். காலையில் எடுத்துப் பார்த்தேன். 'எவ்வளவு வேணும்' பத்தியில் ஒன்றரை கிலோ, வந்தது இரண்டு கிலோ என்று எழுதியிருக்கிறாள். விலைக் கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.